அடக்கப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

கடலோரப் பங்கு வரலாறுகள் குறித்து ஒரு திறனாய்வு

தமிழ்க் கத்தோலிக்கர் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளும் வரலாற்றில் முதலிடம் பெறுவது பங்கின் ஆண்டுவிழா மலரே. ஆய்வேடுகளைத் தேடிப் படிப்போர் நம்மிடையே சிலர். பங்கு மலரையோ வீடுதோறும் வாங்குகிறோம். பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுகிறோம். ஆகவே அம்மலர்களை விழாக்காலச் சடங்கு எனத் தள்ளிவிடாமல், நூல்களாகவே மதித்துத் திறனாய்வு செய்வது தகும். நாம் மதிக்கும் ஒன்றைத்தான் நாம் அளந்து பார்க்கிறோம்.

சென்னைக் கரையிலிருந்து குமரிக் கரைவரையுள்ள கடலோரப் பங்குகள் சிலவற்றின் மலர்களை ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு நமக்கு அண்மையில் கிட்டியது. தாம்பரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. எனினும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பங்குகளில் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் இராமநாதபுரம், குமரிக் கரைகளிலிருந்தும் வேலை தேடி வந்து குடியேறிய குடும்பங்கள் பல. கிழக்கே சில கல் தொலைவில் நீலாங்கரையும் கானத்தூரும் கோவளமும் இருக்கின்றன. கடலோரப் பங்குகளின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று. இங்கே எந்த ஒரு மலரையும் பெயர் சுட்டிக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவை அனைத்துக்கும் பொதுவான ஒரு விடுபாட்டையே எடுத்துரைக்க விழைகிறோம்.

மலர்களின் இலக்கணம்

இம்மலர்களுக்கென ஓர் இலக்கணம் அமைந்துவிட்டது. முதலில் ஆயர் பெருந்தகையின் ஆசியுரை. அடுத்துப் பங்குத்தந்தையின் முன்னுரை. பின்னர் ‘நமது பங்கின் வரலாறு’ என்னும் நீண்ட கட்டுரை. பணியாற்றிய குருக்களின் வரிசை, அவரவர் ஆண்டுகளோடு தரப்பெறும். ஓலைக் குடிசையாக இருந்த ஆலயம் எப்போது ஓட்டுக் கட்டடமாயிற்று, எப்போது காரைக் கட்டடமாயிற்று என்பது விரிவாகச் சொல்லப்பெறும். கொடிமரம், தேர், மணிக்கூண்டு, கெபி ஆகியவை எவர் செலவில் அமைந்தன என்பதும் தவறாமல் இடம்பெறும். இறுதியில் நன்கொடையாளர் பட்டியலும் விளம்பரங்களும்.

இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆவணங்கள் செல்லரித்துப்போகும் நாட்டில், ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிய ஆண்டையோ ஒரு கன்னியர் மடம் வந்த நாளையோ இம்மலர்களே காப்பாற்றித் தந்திருக்கின்றன. கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808-இல் கட்டுவித்தவர் ஜான் டி மாண்டி என்னும் வணிகர் என்பதை இருநூறு ஆண்டுகள் கடந்தும் நாம் அறிவோம். கல்லும் ஏடும் அப்பெயரைக் காத்தன. ஆனால் அதே காலத்தில் அந்தக் கரையிலிருந்து கட்டுமரம் ஏறிச் சென்று மீளாதவர் ஒருவரின் பெயரையேனும் நாம் அறிவோமா?

கடலோர மலர்களில் கடல் இல்லாமல் இல்லை. அட்டையில் கடல் இருக்கிறது. கவிதைகளில் அலை இருக்கிறது. தேர்ப்பவனி கடற்கரைவரை சென்று திரும்புகிறது. கடலில் மாண்டவர்கள்தாம் இல்லை. ஒருசில மலர்களில் புயல் ஆண்டு ஒன்று குறிக்கப்பெறுகிறது. அன்று ஆலயக் கூரை சேதமுற்ற செய்தி வருகிறது. அந்த இரவில் கடலில் இருந்தோர் எத்தனை பேர், அவர்கள் எவர் எவர் என்னும் செய்தி வருவதில்லை.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

இந்த விடுபாட்டுக்கு எழுதியோரின் அன்பின்மை காரணமன்று. அவர்கள் கையாண்ட ஆதாரமே காரணம். பங்கு வரலாறு எழுதுவோர் முதலில் திறப்பது பங்கு அலுவலகத்தின் அலமாரியை. அங்கே திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் உள்ளன. பாப்பரசர் ஐந்தாம் பவுல் 1614-இல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் பங்குக் குருவின் கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 535-ஆம் எண்ணில் பதிவேடுகளைப் பேணும் கடமையை உறுதிசெய்கிறது. 1182-ஆம் எண்ணிலோ, அடக்கம் முடிந்தபின் இறந்தோர் பதிவேட்டில் குறிக்கப்பெற வேண்டும் என்கிறது.

‘அடக்கம் முடிந்தபின்’ என்னும் இச்சொற்களைச் சற்று உற்று நோக்குவோம். சட்டம் வகுத்தோர் மனக்கண்முன் நின்றது நிலத்தில் வாழும் ஒரு பங்கு. அங்கே இறந்தவரின் உடல் வீட்டில் கிடத்தப்படுகிறது, ஆலயத்துக்குக் கொணரப்படுகிறது, கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்படுகிறது, அதன்பின் குரு பேனாவை எடுக்கிறார். கடலில் மாண்டவரின் உடல் பலவேளைகளில் கரை சேர்வதில்லை. உடல் இல்லையேல் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லையேல், எந்த வரியில், எந்த நாளில், எதற்குச் சான்றாகப் பெயரை எழுதுவது? உடலின்றியும் இறந்தோர் திருப்பலி நிறைவேற்றுகிறோம். ஆனால் பதிவேட்டின் பத்தியில் அடக்கம் செய்த இடம், அடக்கம் செய்த நாள் என்னும் கட்டங்கள் வெறுமையாக நிற்கின்றன. வெறுமையான கட்டத்தை விரும்பாத எழுத்தர் அப்பெயரை எழுதாமலே விட்டுவிடுகிறார்.

இதன் விளைவு வியப்புக்குரியது. பதிவேட்டை மட்டும் நம்பி எழுதப்பெறும் வரலாற்றில் ஒரு மீனவர் ஊர் உழவர் ஊரைப் போலவே தோற்றம் தருகிறது. அங்கே மக்கள் காய்ச்சலாலும் முதுமையாலும் பேறுகாலத்தாலும் இறக்கிறார்கள். அலையால் எவரும் இறப்பதில்லை!

இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவுநாளாகிய நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் இவ்வுண்மை வெளிப்படுவதைக் குருக்கள் அனைவரும் அறிவர். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைக்கு மாலையிட்டு, குரு தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை காத்து நிற்கிறது. கல்லறை இல்லாத குடும்பங்கள் நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நிற்கின்றன. அவர்கள் தரும் பூசைக் கருத்துச் சீட்டில் பெயர் இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. சீட்டு அன்று மாலையே குப்பைக்குப் போகிறது.

இது நினைவைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று; உயிரோடு இருப்போரின் வாழ்க்கையைப் பற்றியது. காணாமற்போனவர் பற்றி ஏழாண்டுக் காலம் எவ்விதத் தகவலும் இல்லையெனில் அவர் இறந்தார் எனக் கொள்வது நாட்டின் சட்டம். திருச்சபைச் சட்டத்தின் 1707-ஆம் எண் இன்னும் நுணுக்கமானது. எத்துணை நீண்ட காலமாயினும், வராமல் இருத்தல் ஒன்றே சாவுக்குச் சான்றாகாது. சாட்சிகள், ஊர்ப்பேச்சு, அடையாளங்கள் ஆகியவற்றை விசாரித்து ஆயர் மன உறுதி பெற்ற பின்னரே இறப்பு அறிவிக்கப்பெறும். திருமணப் பிணைப்பின் புனிதம் கருதி வகுத்த நெறி அது; சரியானதே. ஆனால் விசாரணைக்கு வேண்டிய சாட்சியத்தை உரிய நாளில் எழுதி வைத்தவர் எவர்? உடன் சென்ற மரத்தார் எவர், கடைசியாகக் கண்டது எந்தப் பாட்டில், காற்று எப்படி இருந்தது என்பனவற்றை அந்த வாரமே எழுதி வைத்திருந்தால், கணவன் வருவான் வருவான் என வாசலில் அமர்ந்தே முதுமையடைந்த பெண்கள் சிலருக்கேனும் ஒரு விடை கிடைத்திருக்கும்.

போர் வந்தபோது

புயலில் மாண்டவரை ஊர் வாய்விட்டு அழுகிறது. போரில் மாண்டவரைப் பற்றி ஊர் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறது. புயலுக்குப் பகை இல்லை. துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். போரில் ஒருவர் பெயரை எழுதுவது இன்னொருவரைக் குற்றஞ்சாட்டுவதாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே போர்க்காலக் கடற்சாவுகள் இருமுறை மறைகின்றன: உடல் இல்லாமையால் ஒருமுறை, அச்சத்தால் ஒருமுறை.

இம்மறைவு மிகப் பழைமையானது. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-இல் வடுகர் படை குமரிமுனைப் பகுதியில் புகுந்தபோது, அங்கிருந்த கிறித்தவ மீனவர்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறித் தஞ்சம் புகுந்தனர். உண்ண உணவும் குடிக்க நீருமின்றி அவர்கள் அங்கே வாடினர், சிலர் இறந்தனர். செய்தி அறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்த்தமையால் தோணிகள் முனையை அடைய இயலவில்லை. இவ்வாண்டு அவர் எழுதிய கடிதங்களிலிருந்தே இச்செய்திகளை அறிகிறோம்.

போரினால் கடலில் மாண்ட தமிழ்க் கத்தோலிக்கரைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இது ஒன்று. நம் மலர்கள் சவேரியாரைப் போற்றும்போது இந்நிகழ்ச்சியையும் சில வேளைகளில் குறிப்பிடுகின்றன. ஆனால் அங்கே வரலாற்றின் தலைவர் புனிதராகவே இருக்கிறார். தோணிகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். பாறையில் மாண்டோரின் எண்ணிக்கை தெரியாது. பெயர் ஒன்றுகூடத் தெரியாது. சவேரியாரின் பெருமை அந்த மக்களின் பசியால் உண்டானது என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்களைப் பெயரற்றோராக விட்டுவிடுவது புனிதருக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து, போர் சென்னைக் கரைக்கே வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் இரண்டு தீப்பற்றி எரிந்தன; துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தோர் உட்படச் சிலர் மாண்டனர். அன்றிலிருந்து ‘எம்டன்’ என்பது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அஞ்சத்தக்க ஆளையும் கெட்டிக்காரனையும் இன்றும் ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். உயர்நீதிமன்ற மதிலருகே குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்லும் நிற்கிறது. தாக்கிய கப்பலின் பெயரை நம் மொழியே பாதுகாத்தது. அந்த இரவில் செத்தவர் பெயர் எவர் நாவிலும் இல்லை. நினைவு எப்போதும் வலியவர் பக்கமே சாய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1942-இல் நிலைமை இன்னும் கொடிதாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 5 உயிர்ப்புப் பெருவிழா. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. அதே நாள்களில் வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களை நாடி ஓடினர்; அரசு அலுவலகங்களும் இடம் மாறின.

அந்தப் போரில் இறந்தோரை அரசு எவ்வாறு நினைவுகூர்கிறது என்பதைப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து சென்னைக்குச் செல்வோர், பரங்கிமலையைத் தாண்டி நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டத்தைக் காணலாம். 1952-இல் அமைந்த அத்தோட்டத்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்டவர் எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர், கல்லுக்கு ஒரு பெயராக உறங்குகின்றனர். உடல் கிடைத்தவர்களுக்கு இடம் கிடைத்தது. கடலில் மறைந்த இந்தியக் கப்பல் தொழிலாளர்களுக்குக் கல்லறை இல்லை. ஒரு நூல் இருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடலோடிகளின் பெயர்களை எழுதிய அந்நூலின் ஒரு படி மும்பையிலும், மறு படி சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளன. கப்பலின் அடித்தளத்தில் கரி தள்ளியவர்களும் சமையல் செய்தவர்களும் அதில் இருக்கின்றனர்.

கல்லறைக்கு ஈடாக ஒரு நூல்! உடல் இல்லாதவருக்கு எழுத்தே உடலாகலாம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. அப்பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன? கப்பலேறும் ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ஒப்பந்தப் பட்டியலிலிருந்து. சம்பளம் தர வேண்டியிருந்ததால் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் நினைவு இருந்தது. கட்டுமரத்தில் செல்பவனுக்கு ஒப்பந்தம் இல்லை. இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள் பாய்மரக் கலங்களைக்கூட விட்டுவைக்காத ஆண்டுகள் அவை. அக்காலத்தில் கரை திரும்பாத கட்டுமரத்தாரை எழுதி வைக்கத்தக்க நிறுவனம் கரையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பங்குக் கோயில்.

இரு கரைகளின் நடுவே

அண்மைக்கால வரலாறு நம்மை இன்னும் கூர்மையாக வினவுகிறது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் பாக்கு நீரிணை போர்க்களமாயிற்று. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து சென்ற ‘குமுதினி’ என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1986 ஜூன் 10 அன்று யாழ்ப்பாணம் குருநகர் மீனவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டனர். கொன்றவர் கடற்படையினரே என உயிர் தப்பியோர் சாட்சியம் கூறினர். குருநகர் கத்தோலிக்க ஊர். அவ்வூர் மக்கள் ஆண்டுதோறும் அந்நாளில் கூடித் தம் இறந்தோரை நினைவுகூர்கின்றனர்.

இக்கரையின் கதை என்ன? இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் முதலாய ஊர்களிலிருந்து சென்ற மீனவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் சுடப்பட்டும் காணாமற்போயும் மறைந்தனர். போர் முடிந்தபின்னும், 2017 மார்ச் 6 அன்று தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். ஆலயத்தருகே ஊரே கூடி நாள்கணக்கில் அமர்ந்தது. அவர் உடல் கரைக்கு வந்தது, ஆகவே செய்தியாயிற்று. உடல் வராதவர்கள் மேடைப் பேச்சுகளில் ஓர் எண்ணாக மாறிவிட்டனர். அந்த எண்ணும் பேசுவோருக்கு ஏற்பக் கூடுகிறது, குறைகிறது. எண் கூடிக் குறையும். பெயர்ப்பட்டியல் அவ்வாறு ஆகாது.

இவ்வாண்டுகளைப் பங்கு மலர்கள் எவ்வாறு எழுதுகின்றன? அக்காலத்தில் நிலவிய அசாதாரணச் சூழ்நிலையால் மக்கள் பல இன்னல்களுக்கு ஆளாயினர் என்னும் வகையான ஒரு வாக்கியம் வருகிறது. அடுத்த வரியிலேயே புதிய கெபியின் அர்ச்சிப்பு வந்துவிடுகிறது. அவ்வாக்கியத்தில் செய்தவர் இல்லை, செய்யப்பட்டவரும் இல்லை, சூழ்நிலை மட்டுமே இருக்கிறது. இதனைக் கோழைத்தனம் எனச் சொல்லிவிடுவது எளிது. எழுதியவர் நாளையும் அக்கடலுக்குச் செல்ல வேண்டியவர்களின் நடுவே வாழ்பவர் என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும் ஒன்று சொல்வோம்: கொன்றவரைப் பெயர் சொல்ல அஞ்சலாம், இறந்தவரைப் பெயர் சொல்லவுமா அஞ்ச வேண்டும்?

இன்னொரு தயக்கமும் உண்டு. எல்லை தாண்டிச் சென்றாரா, சரக்குக் கடத்தினாரா, ஆயுதத்தாருக்கு உதவினாரா என்னும் ஐயங்கள் போர்க்காலத்தில் மாண்ட மீனவரைச் சூழ்ந்துகொள்கின்றன. எனவே, எழுதாமல் விடுவதே நல்லது என ஊரும் குடும்பமும் நினைக்கின்றன. இங்கே மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. இறந்தோருக்காக மன்றாடுவதற்கு ஆதாரமாகத் திருச்சபை காட்டும் அப்பகுதி, போரில் விழுந்தோரைப் பற்றியது. யூதா மக்கபேயும் அவருடைய வீரர்களும் உடல்களை எடுக்கச் சென்றபோது, மாண்டவர்களின் ஆடைக்குள் விலக்கப்பட்ட சிலைச் சின்னங்கள் இருக்கக் கண்டனர். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது. அதன்பின் யூதா என் செய்தார்? அவர்களைக் கைவிடவில்லை, அவர்களுக்காகவே பணம் திரட்டிப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தோரை நினைவுகூர்வதற்கு நன்னடத்தைச் சான்றிதழைத் திருச்சபை கேட்டதில்லை.

நாவல் நிரப்பிய இடம்

பங்கு மலர் விட்ட இடத்தைத் தமிழ் நாவல் ஓரளவு நிரப்பியிருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-இல் மீனவக் கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் சென்றது. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ நாவலையும், 2009-இல் ‘கொற்கை’ நாவலையும் எழுதினார். பின்னது 1914 முதல் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை விரியும் தோணித் தொழிலின் கதை; 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது.

‘ஆழி சூழ் உலகு’ நாவலின் அமைப்பே நம் பொருளுக்கு நெருக்கமானது. மரம் உடைந்து கடலில் தத்தளிக்கும் மூவர்: முதியவர் கோத்ரா, அடுத்த தலைமுறைச் சூசை, இளைஞன் சிலுவை. அவர்கள் உயிருக்குப் போராடும் நாள்களின் இடையிடையே, ஆமந்துறை என்னும் ஊரின் 1933 முதலான அரை நூற்றாண்டு வரலாறு சொல்லப்பெறுகிறது. ஊர் வரலாற்றைக் கரையில் நின்று சொல்லாமல், கடலில் மூழ்கிக்கொண்டிருப்பவர்களை நடுவில் வைத்துச் சொன்னதே ஆசிரியர் கண்ட முறை. இளையவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக மூத்தோர் தம்மைக் கையளிக்கும் பகுதிகளில், நற்கருணையின் பொருளை அறிந்த எவரும் சற்று நின்றே மேலே படிப்பர். ஊரின் குருவாகிய காகு சாமியார் கட்டடம் கட்டியவராக அன்றி, மக்களின் வழக்குகளைத் தம் வழக்காக ஏற்றவராக வாழ்கிறார். மலர்களின் குருக்கள் பட்டியலுக்கு இது நல்ல எதிருரை.

ஆயினும் நாவலுக்கும் எல்லை உண்டு. கோத்ராவும் சூசையும் புனைவு மாந்தர். அவர்களுக்காகக் கண்ணீர் விடலாம். பூசை வைக்க இயலாது. நாவலில் கடற்சாவு தியாகமாக உயர்கிறது. வாழ்வில் பெரும்பாலான கடற்சாவுகள் எவரையும் காப்பாற்றாமல், எவர் கண்ணிலும் படாமல் நிகழ்கின்றன. போர் அந்நாவலின் நடுப்பொருளுமன்று. எனவே நாவல் எழுதப்பட்டுவிட்டது என்பதால் பங்கு மலரின் கடமை தீர்ந்துவிடவில்லை. கடற்சாவு ஓர் ஊரின் நடுச்செய்தி என்பதை நாவலாசிரியர் காட்டிவிட்டார். அந்த நடுவில் உண்மைப் பெயர்களை எழுதுவது ஊராரின் பணி.

மலர் எழுதுவோருக்கு

இது இயலுமா எனக் கேட்பின், இயன்றிருக்கிறது என்போம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் மீனவர்களைச் சூறையாடியபோது, காணாமற்போனோரின் பட்டியலைக் கடலோரப் பங்குகளே வீடு வீடாகச் சென்று ஆயத்தம் செய்தன. தொடக்கத்தில் அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் பங்குகளின் பட்டியலுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. பின்னர் அரசின் எண்ணிக்கை உயர்ந்தது; உடல் கிடைக்காதோரின் குடும்பங்களும் ஏழாண்டு காத்திராமல் உதவி பெற்றன. பெயர் எழுதிய தாள் என்ன செய்யவல்லது என்பதை அந்நாள்கள் நமக்குக் கற்பித்தன.

ஆகவே கடலோரப் பங்குகளுக்கும், கடலோர மக்கள் குடியேறியிருக்கும் நம் போன்ற பங்குகளுக்கும் எளிய வேண்டுகோள் ஒன்று வைக்கிறோம். அடக்கப் பதிவேட்டின் அருகில் ‘கடலில் மறைந்தோர் ஏடு’ என ஒன்றைத் திறப்போம். பெயர், தந்தை பெயர், புறப்பட்ட துறை, மரம் அல்லது வள்ளம், உடன் சென்றோர், கடைசியாகக் கண்டவர், சொல்பவர் பெயர், எழுதிய நாள் ஆகியவை போதும். ஆண்டு தெரியாவிடில், அந்த ஆண்டின் புயலையோ திருவிழாவையோ பிறந்த குழந்தையையோ குறிக்கலாம். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுத வேண்டும். கொன்றவர் யார் என்பதில் உறுதியில்லையேல் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். பெயரின் இடத்தை மட்டும் விடலாகாது.

சென்னைக்குத் தெற்கேயுள்ள குப்பங்களில் மீனவர் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஒரே வலையை இழுத்தவர்களை ஏட்டில் பிரிப்பது முறையன்று. ஒரு மரத்தில் சென்றோர் அனைவரும் ஒரே பக்கத்தில் எழுதப்பெறுக. கேட்டு எழுதும் பணியை இளைஞர் மன்றத்தாரும் மரியாயின் சேனையினரும் ஏற்கலாம். முதலில் அணுக வேண்டியவர்கள் மூதாட்டியர். குருக்கள் வரிசையை அவர்கள் மறந்திருக்கலாம். திரும்பாத மரங்களை மறந்திருக்க மாட்டார்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் விழா, போரால் நெடுங்காலம் தடைப்பட்டுப் போருக்குப்பின் மீண்டும் தொடங்கியது. 2016 டிசம்பரில் அங்கே புதிய ஆலயமும் அர்ச்சிக்கப்பட்டது. இரு கரை மீனவரும் ஒரே பலிபீடத்தின்முன் கூடத்தக்க இடம் அது. வலைகளாலும் இழுவைப் படகுகளாலும் இரு கரையாருக்கும் பூசல்கள் உள்ளன. அப்பூசல்களுக்கு நடுவிலும், இரு கரையிலும் கடலில் மாண்டோரின் பெயர்கள் அங்கே ஒன்றாக வாசிக்கப்பெற்றால், அது எந்த உடன்படிக்கையும் செய்யாத ஒன்றைச் செய்யும்.

கடலும் தன்னிடம் உள்ள இறந்தோரை ஒப்படைக்கும் நாள் ஒன்றைத் திருவெளிப்பாடு நமக்குக் காட்டுகிறது. இறைவனின் ஏட்டில் எப்பெயரும் விடுபடவில்லை என்பது நம் விசுவாசம். அந்த விசுவாசம் நம் ஏடுகளின் விடுபாட்டுக்குச் சாக்காக அமைந்துவிடலாகாது. அடுத்த விழா மலருக்குக் குழு அமைக்கும் பங்குகள், நன்கொடையாளர் பட்டியலுக்கு ஒதுக்கும் பக்கங்களுள் நான்கைக் கடலில் மறைந்தோருக்கு ஒதுக்குக. வரும் நவம்பருக்குள் முதல் பெயரை எழுதுக.